துணிக்கு அடியில் இழுப்பது எது?

காலமும் வெளியும் பற்றி ஓர் இயற்பியலாளர் பொதுமக்களுக்காகத் தமிழில் ஆற்றிய உரையைக் கேட்பதற்காகச் சென்ற ஞாயிற்றுக்கிழமை கடலூரிலிருந்து பேருந்து ஏறிப் புதுச்சேரிக்குப் போயிருந்தேன். கல்லூரி அரங்கம் நிறைந்து, பின்வரிசையில் பலர் நின்றுகொண்டே கேட்டார்கள். ஒன்றரை மணி நேரம் நல்ல தமிழில், யாரையும் மிரட்டாமல் பேசினார். அதற்கு நன்றி சொல்லிவிட்டுத்தான் என் குறையைச் சொல்கிறேன்.

உரையின் நடுவே நான்கு மாணவர்களை மேடைக்கு அழைத்து, ஒரு பனியன் துணியை நான்கு மூலையிலும் இழுத்துப் பிடிக்கச் சொன்னார். விளையாட்டுப் போட்டியில் எறியும் இரும்புக் குண்டை அதன் நடுவில் வைத்ததும் துணி குழிந்தது. ஓரத்தில் உருட்டிவிட்ட கோலிக்குண்டு நேராகப் போகாமல் இரண்டு சுற்றுச் சுற்றி, 'டிக்' என்று இரும்பில் மோதி நின்றது. சூரியன் வெளியை இப்படித்தான் வளைக்கிறது, பூமி அந்த வளைவில்தான் ஓடுகிறது என்று அவர் சொன்னதும் பலத்த கைதட்டல். கேள்வி நேரத்தில், எட்டாம் வகுப்புக்கு மேல் இருக்காது என்று தோன்றிய ஒரு சிறுமி எழுந்து, "சார், குண்டு துணியை அமுக்குறதே கீழ பூமி இழுக்கிறதாலதானே? அப்ப ஈர்ப்பை வச்சே ஈர்ப்பை விளக்குறீங்களா?" என்று கேட்டாள். "நல்ல கேள்விம்மா, இது ஒரு உவமைதான்" என்று சிரித்துவிட்டு, அவர் அடுத்த கையை நோக்கிப் போய்விட்டார்.

மேல்நிலைப் பள்ளியில் இயற்பியல் நடத்திய காலத்தில் அறிவியல் கண்காட்சிகளில் இதே துணியை நானும் விரித்திருக்கிறேன் என்பதால், இந்தக் குறையில் எனக்கும் பங்குண்டு. என்னிடம் அந்தக் கேள்வியை யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் நானும் சிரித்துத்தான் சமாளித்திருப்பேன். ஆனால் அந்தச் சிறுமிக்கு உரிய விடை இருந்தது, அது உரையின் தலைப்பிலேயே இருந்தது. தலைப்பில் காலம் முதலில் நிற்கிறது. துணியிலோ காலம் இல்லவே இல்லை. கையிலிருந்து நழுவிய கல் தரையில் விழுவதில் வெளியின் வளைவுக்கு ஏறக்குறைய வேலையே கிடையாது. உயரத்துக்கு உயரம் காலம் ஓடும் வேகம் மாறுகிறது என்பதே அதை விழவைக்கிறது.

தேவனாம்பட்டினத்தில் என் பழைய மாணவர் ஒருவர் படகு வைத்திருக்கிறார். வலை சிக்கிக் கிழியும் பார் (கடலடிப் பாறைத்திட்டு) எங்கெங்கே இருக்கிறது என்பதையெல்லாம் ஜி.பி.எஸ். கருவியில் குறித்து வைத்திருக்கிறார். அந்தக் கருவி தூரத்தை நேரடியாக அளப்பதில்லை. ஏறத்தாழ 20,200 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றும் செயற்கைக்கோள்களின் அணுக் கடிகாரங்கள் அனுப்பும் நேரத்தை வாங்கி, அதிலிருந்து தூரத்தைக் கணக்கிடுகிறது. வேகமாகச் சுற்றுவதால் அக்கடிகாரங்கள் தரையில் உள்ளவற்றைவிட நாளொன்றுக்குச் சுமார் 7 மைக்ரோ நொடி (நொடியின் பத்து லட்சத்தில் ஒரு பங்கு ஒரு மைக்ரோ நொடி) பிந்துகின்றன; உயரத்தில் இருப்பதால் 45 மைக்ரோ நொடி முந்துகின்றன. கழித்தால் முந்துவது 38. இந்த நேரத்துக்குள் ஒளி 11 கிலோமீட்டருக்கு மேல் போய்விடும் என்பதால், அந்த அளவு மெதுவாக ஓடும்படி சரிசெய்த பிறகே கடிகாரங்களை மேலே அனுப்புகிறார்கள். ஆக, வேகம் கடிகாரத்தைப் பிந்தவைக்கும், உயரம் முந்தவைக்கும். இந்த இரண்டையும் பிடித்துக்கொண்டால் விழும் கல்லைப் புரிந்துகொள்ளத் துணியே வேண்டாம்.

ஒரு பந்தை மேலே எறிகிறோம், அது 2 நொடி கழித்து அதே கைக்குத் திரும்புகிறது என்று வைத்துக்கொள்வோம். அந்த 2 நொடியை அது எப்படியெல்லாமோ கழித்திருக்கலாம். கையிலேயே கிடந்திருக்கலாம், 100 மீட்டர் உயரம் போய்த் திரும்பியிருக்கலாம். கையிலேயே கிடந்தால் உயரத்தின் ஆதாயம் கிடைக்காது. 100 மீட்டர் போய் வருவதென்றால் அசுர வேகம் வேண்டும், கிடைத்த ஆதாயத்தை அந்த வேகம் தின்றுவிடும். பந்தில் ஒரு கடிகாரத்தைக் கட்டிவிட்டால், அது மிக அதிக நேரத்தைக் காட்டும் பாதை இந்த இரண்டுக்கும் நடுவில் ஒன்றே ஒன்று உண்டு. அதன் உச்சி ஏறத்தாழ 5 மீட்டர். பந்து போவதும் சரியாக அந்தப் பாதையில்தான். யாரும் இழுக்கவில்லை, எந்தக் குழியும் இல்லை. தன் கடிகாரம் கூடுதலாக ஓடும் வழியில் பந்து போய் வருகிறது. ஐன்ஸ்டைன் 1915-இல் முடித்த பொதுச் சார்பியல் கோட்பாட்டில் எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான். இதற்குக் கரும்பலகையும் ஒரு பந்தும் போதும்.

அதற்காகத் துணியைத் தூக்கி எறிந்துவிட வேண்டும் என்று சொல்லவில்லை. ஒளிபோல் மிக வேகமாகப் போவதற்கு வெளியின் வளைவும் கணக்கில் வரும். சூரியனை ஒட்டி வரும் ஒளி, காலத்தின் மாறுபாட்டால் மட்டும் என்றால் 0.87 விகலை (ஒரு பாகையின் 3,600-இல் ஒரு பங்கு ஒரு விகலை) வளையும். வெளியின் வளைவும் சேரும்போது அது இரட்டித்து 1.75 விகலை ஆகிறது. 1919 மே 29 சூரிய கிரகணத்தின்போது ஆங்கிலேய வானியலாளர் எடிங்டனின் குழுவினர் தேடிப் போனது இந்த இரட்டிப்பைத்தான். துணிக்கு உரிய இடம் அது. பூமி சூரியனைச் சுற்றுவதற்கும் தேங்காய் மரத்திலிருந்து விழுவதற்கும் அதையே காட்டுவதுதான் தவறு.

நிலத்தையும் பொழுதையும் சேர்த்து முதற்பொருள் என்று தொல்காப்பியம் அன்றே சொல்லிவிட்டது என்று கூட்டத்தில் ஒருவர் எழுந்து பேசினார், அதற்கும் கைதட்டல் கிடைத்தது. அது பாட்டுக்கு வகுத்த இலக்கணம், அந்த அளவில் அழகானது. எந்தக் கடிகாரம் எவ்வளவு பிந்தும் என்று அதில் தேடக் கூடாது. புதுச்சேரிக்கும் காலக் கணக்குக்கும் உள்ள உறவைச் சொல்ல வேண்டுமானால் லெ ழாந்தியைச் சொல்லியிருக்கலாம். வெள்ளிக் கோள் சூரியனைக் கடக்கும் நேரத்தைக் குறித்து, பல ஊர்களின் கணக்கோடு ஒப்பிட்டுச் சூரியனின் தூரத்தைக் கண்டுபிடிக்கக் கிளம்பிய பிரெஞ்சு வானியலாளர் அவர். 1761-இல் புதுச்சேரி ஆங்கிலேயர் கையில் இருந்ததால் கரையிறங்க முடியாமல் கடலிலேயே மாட்டிக்கொண்டார். வெள்ளி அடுத்த முறை கடப்பதற்காக எட்டு ஆண்டு காத்திருந்து 1769 ஜூன் 4 காலையில் புதுச்சேரியில் தொலைநோக்கியோடு நின்றபோது மேகம் மூடிவிட்டது. நேரத்தை அளந்தால் தூரம் கிடைக்கும் என்பதற்கு இதைவிடப் பக்கத்தில் ஒரு கதை கிடைக்காது. அந்த மேடையில் அவர் பெயரே வரவில்லை.

கூட்டம் முடிந்து பேருந்து நிலையத்துக்கு வந்தபோது, அந்தச் சிறுமியும் அவள் அப்பாவும் கடலூர் வண்டிக்காக நின்றிருந்தார்கள். பந்துக் கதையை அவளுக்குச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அப்ப மாடியில இருக்கிறவங்களுக்குச் சீக்கிரம் வயசாகுமா சார்?" என்றாள். ஆகும் என்று சொல்லி, அழைப்பிதழின் பின்பக்கத்தில் கணக்குப் போட்டுக் காட்டினேன்: மூன்று மீட்டர் உயர மாடியில் 60 ஆண்டு வாழ்ந்தால், கீழ்வீட்டில் இருப்பவரைவிட ஏறத்தாழ 0.6 மைக்ரோ நொடி கூடுதல்.

"எங்க ஆயா கீழ்வீட்டுலதான் இருக்காங்க" என்று அழைப்பிதழை மடித்துப் பையில் வைத்துக்கொண்டாள். வண்டி வந்துவிட்டது.