அம்மாவின் கையில் கிண்டில்
"வயதானவர்களுக்கு அச்சுப் புத்தகம்தான் சரிப்படும்" என்று இங்கே வந்திருக்கும் கட்டுரையில் இருப்பதை என்னால் ஏற்க முடியவில்லை. எங்கள் வீட்டில் நடப்பது நேர்மாறு. பார்வை மங்கத் தொடங்கியதும் அம்மா வாசிப்பையே விட்டுவிட்டார். மலிவுப் பதிப்புகளின் பொடி எழுத்து தெரியாது, தலையணை கனத்தில் இருக்கும் சரித்திர நாவலைத் தூக்கிப் பிடித்தால் மணிக்கட்டு வலிக்கும். இப்போது கிண்டில் என்ற மின்நூல் வாசிப்புக் கருவியில் பக்கத்துக்கு ஏழெட்டு வரி மட்டும் வருகிற மாதிரி எழுத்தைப் பெரிதாக்கிக்கொண்டு, மதியச் சாப்பாடு முடிந்ததும் ஜன்னலோரம் உட்கார்ந்துவிடுகிறார். மேலே பின்னூட்டத்தில் ஒரு நண்பர் "மின்நூல் படிக்கப் போன் போதாதா?" என்று கேட்டிருக்கிறார். போதாது. போன் திரை கண்ணில் ஒளியடிக்கும். கிண்டிலில் இருக்கும் இ-இங்க் (மின்மை) திரையை வெயிலிலும் காகிதம்போலப் படிக்கலாம், பெரும்பாலும் பக்கம் மாறும்போதுதான் திரைக்கு மின்சாரம் செலவாகும் என்பதால் சார்ஜும் வாரக்கணக்கில் நிற்கும். பெற்றோருக்கு வாங்கித் தருபவர்கள் ஒன்றைக் கவனியுங்கள்: ஸ்கேன் செய்த பிடிஎஃப் கோப்புகளில் எழுத்தை மட்டும் பெரிதாக்க முடியாது, பக்கத்தை இழுத்து இழுத்தே சலித்துப்போவார்கள். எழுத்தின் அளவை மாற்றிக்கொள்ள முடிகிற ஈபப் (EPUB) என்ற மின்நூல் வடிவில் தேடுங்கள். ஃப்ரீதமிழ்ஈபுக்ஸ் தளத்தில் இலவசமாகவே நிறையக் கிடைக்கின்றன. ஓவியத்தோடு பைண்டு செய்து வைத்திருக்கும் பழைய தொடர்கதைகளை மட்டும் அம்மா இன்னும் பூதக்கண்ணாடி வைத்துத்தான் புரட்டுகிறார், அந்தப் படங்கள் சின்னத் திரையில் எடுபடாது.