முகங்களுக்குச் சின்னத் திரை போதும்
'உதிரிப்பூக்கள்' போன்ற படங்களைத் தியேட்டரில் பார்த்தால்தான் உண்டு, டிவிடியில் பாதி செத்துவிடும் என்று இங்கே வந்த ஒரு கட்டுரையில் சொல்லியிருப்பதை ஏற்க முடியவில்லை. 1979-இல் வந்த அந்தப் படத்தில் இயக்குநர் மகேந்திரன் வசனத்தைக் குறைத்து முகங்களைத்தான் பேசவிட்டார். அதற்கு ஒரு அமைதியான அறையும் கையில் ரிமோட்டும் போதும். கடைசி ஆற்றங்கரைக் காட்சியையே எடுத்துக்கொள்ளுங்கள். தன்னைச் சாகச் சொல்லி ஆற்றுக்குள் இறங்கவைக்கும் ஊர்க்காரர்களிடம், உங்களையும் என்னைப்போல் மாற்றிவிட்டேனே என்று கொடுமைக்காரனாக வரும் விஜயன் சொல்லும்போது, அவர் மேல் நமக்கு இருந்த கோபம் சட்டென்று ஊர்க்காரர்கள் பக்கம் திரும்புகிறது. அந்த இடத்தைப் பின்னால் தள்ளி மறுபடி மறுபடி பார்த்தபிறகுதான் எனக்கு அது முழுசாகப் பிடிபட்டது. அந்தக் கட்டுரைக்குக் கருத்து எழுதிய ஒருவர் படத்தின் பிரிண்ட் மோசம் என்று சொல்லியிருக்கிறார், அது நியாயம். என்னிடம் இருந்த பழைய விசிடியில் அசோக்குமாரின் ஒளிப்பதிவு வெளுத்துக் கிடக்கும், அழுத்தமான இடமாகப் பார்த்து டிஸ்க் மாற்றச் சொல்லும். ஒழுங்காகச் சுத்தம் செய்து யாராவது வெளியிட்டால் நானே முதல் ஆளாக வாங்குவேன்.