கேட் திறந்த பிறகுதான் நேரம் போகிறது

காரைக்குடியைச் சுற்றி எந்த ஊரில் ரயில்வே கேட் பேச்சு எடுத்தாலும் "மேம்பாலம் வேணும்" என்றுதான் முடிகிறது. கிராமசபைத் தீர்மானம், எம்.எல்.ஏ.வுக்கு மனு, தேர்தல் வந்தால் ஒரு வாக்குறுதி. ஆனால் கிராமத்து கேட்டுகளில் பெரும்பாலானவற்றுக்கு மேம்பாலம் வராது. ஏன் வராது என்பதற்கு ரயில்வேயிடம் ஒரு கணக்கு இருக்கிறது. நம் மனுக்களில் அந்தக் கணக்கு இருப்பதே இல்லை.

அதற்கு டி.வி.யூ. (டிரெயின் வெஹிக்கிள் யூனிட், ரயில்–வாகன அலகு) என்று பெயர். 24 மணி நேரத்தில் போகும் ரயில்களை, அதே நேரத்தில் கேட்டைக் கடக்கும் வாகன அலகுகளால் பெருக்க வேண்டும். பஸ், லாரி, கார், மாட்டுவண்டி தலா 1 அலகு. ஆட்டோ அரை. பைக் கால். செலவைப் பகிர்ந்து மேம்பாலம் கட்ட இந்த எண் 1 லட்சத்தைத் தொட வேண்டும். ஒரு பேச்சுக்கு 20 ரயில், 1,200 பைக், 300 மற்ற வண்டிகள் என்று வையுங்கள். பைக் 300 அலகு, மற்றவை 300, ஆக 600. இருபதால் பெருக்கினால் 12,000. நம் ஊர்களில் பாதிக்கு மேல் பைக்தான் என்பதால் கூட்டம் எவ்வளவு தெரிந்தாலும் எண் ஏறாது.

அதே 12,000-க்கு வேறொன்று கிடைக்கும். 2025 ஜூலையில் கடலூர் செம்மங்குப்பம் கேட்டில் பள்ளி வேன் மீது ரயில் மோதி 3 மாணவர்கள் இறந்தார்கள். அதன் பிறகு இன்டர்லாக்கிங் செய்வதற்கான வரம்பை 20,000-லிருந்து 10,000 ஆகக் குறைத்தார்கள். கேட் மூடிப் பூட்டினால் மட்டுமே சிக்னல் பச்சை காட்டும் ஏற்பாடு அது. நம் பிள்ளைகளும் வேனில்தான் போகிறார்கள். மேம்பாலத்துக்கு முன்னால் இதைக் கேட்க வேண்டும்.

நேரத்திலும் இதனால் பலன் உண்டு. இன்டர்லாக்கிங் இல்லாத கேட்டில் ஸ்டேஷன் மாஸ்டர் போன் செய்வார். கேட் கீப்பர் மூடிப் பூட்டிவிட்டு ஒரு ரகசிய எண் சொல்வார். அதைக் குறித்துக்கொண்ட பிறகுதான் அங்கே ரயிலுக்கு சிக்னல் விழும். அதாவது ரயில் பக்கத்து ஸ்டேஷனை விட்டுக் கிளம்பும் முன்பே இங்கே கேட் விழுந்தாக வேண்டும். 6 கிலோமீட்டர் தள்ளியிருந்து 40 கிலோமீட்டர் வேகத்தில் வரும் சரக்கு ரயிலுக்கு 9 நிமிடம், போன் பேசியது தனி. எண் கொடுத்துவிட்டவர் இடையில் திறக்க முடியாது. அவரிடம் சண்டை போடுவது வீண். அனுமதியில்லாமல் கேட்டைத் திறப்பவருக்கு ரயில்வே சட்டம் 160-வது பிரிவில் 3 ஆண்டு வரை சிறை, உடைப்பவருக்கு 5 ஆண்டு வரை. இன்டர்லாக்கிங் செய்து கேட்டுக்கென்று தனி சிக்னலும் இருந்தால் ரயில் ஓரளவு நெருங்கிய பிறகு மூட இடம் உண்டு. திருச்சி–காரைக்குடி–மானாமதுரை ஒற்றைப் பாதை. எதிரெதிரே வரும் இரண்டு ரயில்கள் ஸ்டேஷனில் ஒன்றுக்கொன்று வழிவிடுவதுதான் கிராசிங். ஸ்டேஷனை ஒட்டிய கேட்டில் அது வந்துவிட்டால் இரண்டு ரயிலும் போன பிறகுதான் திறப்பார்கள்.

கிராசிங் இல்லாவிட்டால் இதெல்லாம் சேர்த்தும் 10 நிமிடம்தான். மிச்சம் நாம் உண்டாக்குவது. கேட் போட்டதும் பைக்குகள் முன்னால் ஊர்ந்து வலப்பக்கத்தையும் நிரப்புகின்றன, பின்னாலேயே ஒரு கார், ஒரு டாடா ஏஸ். எதிர்ப்பக்கத்திலும் அதேதான். கேட் தூக்கியதும் இரண்டு கூட்டமும் தண்டவாளத்தின் மேல் முட்டிக்கொண்டு நிற்கின்றன. இடப்பக்கத்தை மட்டும் பிடித்து நின்றால், வண்டிக்கு 4 விநாடி என்று வைத்தாலும் 30 வண்டி 2 நிமிடத்தில் போய்விடும். முட்டிக்கொண்டால் பின்னால் எடுக்க இடமில்லாமல் கால் மணி நேரம். அதற்குள் அடுத்த ரயிலுக்குப் போன் வரும். வண்டிகள் நடுவில் நிற்பதால் மூட முடியாது, மூடாமல் சிக்னல் விழாது. அங்கே ரயில் தாமதமானால் அதனுடன் கிராசிங் ஆக வேண்டிய ரயிலும் நிற்கும், அடுத்த கேட்டில் நிற்பவர்களுக்கும் சேர்த்து நேரம் போகும். நடுவில் மாட்டுவது 108 ஆம்புலன்ஸாகவும் இருக்கலாம். அவசரத்தில் யாராவது கேட் கட்டையை இடித்து வளைத்தால் பூட்டு விழாது. தனி சிக்னல் உள்ள கேட்டில் லோகோ பைலட் சிவப்பில் நின்று, விசில் ஊதி, பகலில் 1 நிமிடமும் இரவில் 2 நிமிடமும் காத்திருந்துதான் மெல்ல நகர்வார்.

இதற்கு மருந்து, சாலை நடுவில் கேட்டிலிருந்து இருபுறமும் குறைந்தது 30 மீட்டருக்குத் தடுப்பு. 7 மீட்டர் சாலையில் உடனே வைக்கலாம். 3.75 மீட்டர் ஊராட்சிச் சாலையில் முதலில் கேட்டின் இருபுறமும் 50 மீட்டர் நீளத்துக்காவது அகலப்படுத்த வேண்டும், இல்லையென்றால் பஸ் போகாது. புதுவயல் அரிசி ஆலை லாரிகள் திரும்பும் சாலை என்றால் இன்னும் அகலம் வேண்டும்.

மனு எங்கே போகிறது என்பதிலும் தவறு நடக்கிறது. கேட்டுக்கு உள்ளே உள்ள தளம் ரயில்வேயின் பொறுப்பு. வெளியே நெடுஞ்சாலைத் துறையோ ஊராட்சி ஒன்றியமோ. தண்டவாளப் பராமரிப்பில் தண்டவாளம் கொஞ்சம் உயரும், வெளிச்சாலை உயராது. அங்கே உண்டாகும் மேட்டில் பாரவண்டி திணறுகிறது, பைக்காரர் காலூன்றுகிறார், பின்னால் எல்லாரும் நிற்கிறார்கள். ஆகவே இரண்டு அலுவலகத்துக்கும் தனித்தனியாக எழுதி, ஒன்றின் நகலை மற்றதற்கும் வையுங்கள்.

சுரங்கப்பாதை தருகிறோம் என்று வந்தால் உடனே தலையாட்ட வேண்டாம். ஊருணிக்கும் கண்மாய்க்கும் மழைநீர் போக வரத்துக்கால் வெட்டி வைத்த நாடு இது. அந்த வரத்துக்காலைவிடத் தாழ்வாகப் பள்ளம் தோண்டினால் ஐப்பசி கார்த்திகையில் அது தெப்பக்குளம். வாய்ப்பகுதியில் வெளித்தண்ணீரைத் தடுக்கும் மேடு, இறக்கத்துக்குக் கூரை, நீர் சேரும் தொட்டி, மோட்டார், அதற்குத் தனி மின் இணைப்பு, எல்லாம் வரைபடத்தில் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுச் சம்மதியுங்கள். வைக்கோல் லாரியும் கதிர் அறுக்கும் மெஷினும் எந்த வழியாகப் போகும் என்பதையும் எழுதி வாங்குங்கள்.

டி.வி.யூ. கணக்கெடுப்பு 7 நாள் நடக்கும். அறுவடையும் முகூர்த்தமும் சேர்ந்து வரும் தை மாதத்தில் எடுக்கச் சொல்லி ஊராட்சி மூலம் முன்கூட்டியே கடிதம் கொடுங்கள். எடுக்கும் நாட்களில் ஊரிலிருந்து இரண்டு பேர் பக்கத்தில் உட்கார்ந்து, பைக் தனி, ஆட்டோ தனி, மற்றது தனி என்று மணிவாரியாக நோட்டில் குறித்து வையுங்கள். இரவு நெல் லாரிகளை விட்டுவிடாதீர்கள்.