வரப்புக்கு அடியில் இருக்கும் தண்ணீர்

பாகூருக்குத் தெற்கே எங்கள் நிலத்துக்கும் பக்கத்து நிலத்துக்கும் நடுவில் ஒரு வரப்புதான் இருக்கிறது. அந்த வரப்புக்கு இந்தப் பக்கம் புதுச்சேரி, அந்தப் பக்கம் கடலூர் மாவட்டம். சித்திரையில் அவர்கள் மோட்டார் தொடர்ந்து ஓடினால் எங்கள் போர்வெல்லில் காற்றுதான் வருகிறது. நாங்கள் ஓட்டினால் அவர்களுக்கு அதே கதி.

இரு நாடுகளின் நீர்ப் பங்கீடு என்றதும் நமக்கு 1960ஆம் ஆண்டுச் சிந்து நதி ஒப்பந்தமும் 1996ஆம் ஆண்டுக் கங்கை ஒப்பந்தமும் நினைவுக்கு வருகின்றன. இரண்டுமே ஆற்று நீரைப் பற்றியவை. ஆற்றில் வரும் தண்ணீரை அணையில் நின்று அளந்துவிடலாம். மண்ணுக்கு அடியில் இருப்பதை என்ன செய்வது என்பதற்கு எனக்குப் பிடித்த உதாரணம், சுவிட்சர்லாந்தின் ஜெனீவாவும் அதை ஒட்டிய பிரான்ஸ் பகுதியும் செய்துகொண்ட ஏற்பாடுதான்.

அங்கே 1960களிலும் 70களிலும் அளவின்றி இறைத்ததால் நிலத்தடி நீர்மட்டம் 7 மீட்டருக்கு மேல் இறங்கியது. 1978இல் ஒப்பந்தம் கையெழுத்தானது. அதைச் செய்தவை தலைநகரங்கள் அல்ல, ஜெனீவா மாநில அரசும் எல்லைக்கு அப்பாலிருந்த பிரெஞ்சு மாவட்ட நிர்வாகமும். 1980 முதல் ஆர்வ் ஆற்றின் நீரை எடுத்து, வடிகட்டி, மண்ணுக்குள் இறக்குகிறார்கள். ஆறு கலங்கி வரும் நாட்களில் நிறுத்திவிடுகிறார்கள். பிரான்ஸ் தரப்பு ஆண்டுக்கு 50 லட்சம் கன மீட்டர் வரை எடுக்கலாம், முதல் 20 லட்சத்துக்குக் கட்டணமில்லை, மிச்சத்துக்குத் தண்ணீர் மீட்டர் காட்டும் கணக்குப்படி பணம் தர வேண்டும். இரு தரப்பிலும் மும்மூன்று பேர் கொண்ட குழு ஆண்டுதோறும் கணக்குப் பார்க்கிறது. நல்லெண்ணத்தை விட அந்த மீட்டரைத்தான் நான் பெரிதாக மதிக்கிறேன்.

நம் பக்கம் நிலைமை வேறு. புதுச்சேரியில் 2002ஆம் ஆண்டு நிலத்தடி நீர்ச் சட்டம் உண்டு. தமிழ்நாடு 2003இல் இயற்றிய சட்டம் நடைமுறைக்கே வராமல் 2013இல் ரத்தானது. மண்ணுக்கு அடியில் நீர் தேங்கும் ஒரே அடுக்கின், அதாவது ஒரே நீர்த்தாங்கியின் மேல் ஒரு பக்கம் விதி, மறு பக்கம் விதியில்லை என்றால், விதிக்குக் கட்டுப்படுகிறவன் ஏமாளி ஆகிறான். கடலோரத்தில் இதன் விலை இன்னும் அதிகம்: போன கோடையில் எங்கள் போரின் குழாய் வாயில் உப்பு வெள்ளையாகப் பூத்திருந்தது, அதைச் சுரண்டி நாக்கில் வைத்த என் பக்கத்து நிலத்து அண்ணன், "தம்பி, இது கடல்தாண்டா" என்றார்.

இரண்டு அரசுகள் பேசும்வரை காத்திருக்காமல், அவரும் நானும் இந்த மாசியிலிருந்து ஒரே நாளில் இரண்டு போர்களிலும் கல் கட்டிய கயிற்றை இறக்கி, நீர்மட்டத்தை ஒரே நோட்டில் எழுதத் தொடங்கியிருக்கிறோம். நோட்டு இப்போது அவர் வீட்டில் இருக்கிறது.