கால வரம்பைத் தளர்த்த வேண்டாம்
சாரணர் (ஸ்கவுட்) இயக்கத்தின் படித்தேர்வுகளுக்கு இடையே உள்ள குறைந்தபட்சக் கால வரம்பைத் தளர்த்தினால், பத்தாம் வகுப்புக்குள் பிள்ளைகள் ராஜ்ய புரஸ்கார் என்ற மாநில அளவிலான விருதை வாங்கிவிடலாம் என்று பெற்றோர் சிலர் கேட்பதாக நான் படித்த ஒரு கட்டுரை சொல்கிறது. எனக்கு இதில் உடன்பாடில்லை. பிரவேஷ், பிரதம சோபான், துவிதீய சோபான், திருதீய சோபான் என்று படிப்படியாக வைத்திருப்பதே வேலை கைக்குப் பழக வேண்டும் என்றுதான். அரூர் பக்கம் ஒரு முகாமில் பார்த்தேன். திருதீய சோபான் முடித்த பையனை, இரண்டு நுனிகளை இணைக்கும் ரீஃப் முடிச்சு போடச் சொன்னார்கள். வலதை இடது மேல் போட்டான், சரி. அடுத்து இடதை வலது மேல் போடாமல் மறுபடியும் வலதையே போட்டான். இழுத்ததும் நழுவிவிட்டது. அடிபட்ட கையை முக்கோணத் துணியில் தாங்கிக் கட்டுவதும் இதே முடிச்சில்தான்!

தளர்த்த வேண்டியது உறுப்பினர் சேர்க்கையை. கிருஷ்ணகிரி மாவட்டத்தில் அஞ்செட்டி, தளி பக்கம் பள்ளியில் பயிற்சி பெற்ற சாரண ஆசிரியர் இல்லையென்றால் அந்தப் பிள்ளைக்கு வழியே இல்லை. பள்ளி சாராத திறந்த குழுக்களுக்குப் பாரத சாரண இயக்கத்தில் இடம் இருக்கிறதே. ஓய்வுபெற்ற ஆசிரியர்களை வைத்து இங்கே ஒன்றைத் தொடங்கலாம். அப்புறம், சீருடை வாங்கக் காசில்லை என்று எந்தப் பிள்ளையையும் திருப்பி அனுப்பாதீர்கள்.