இறக்கத்தில் நியூட்ரல் வேண்டாம்

பெட்ரோல் விலை ஏறும்போதெல்லாம் வண்டி ஓட்டும் பழக்கமும் மாறுகிறது. வேகத்தைக் குறைக்கிறார்கள், டயரில் காற்று பார்க்கிறார்கள், ஒரே சுற்றில் நாலு வேலையை முடிக்கிறார்கள். எல்லாம் நல்லதுதான். கூடவே ஒரு ஆபத்தான பழக்கமும் தொற்றிக்கொள்கிறது: இறக்கம் வந்ததும் கியரை நியூட்ரலுக்குத் தள்ளிவிடுவது. சிலர் இன்ஜினையே அணைத்துவிடுகிறார்கள். பார்க்கும்போதே எனக்குப் பதறுகிறது.

எரிபொருளைக் காற்றோடு கலந்து இன்ஜினுக்கு அனுப்பும் கார்புரேட்டர் என்ற பழைய பாகம் இருந்த காலத்தில் இதனால் கொஞ்சம் மிச்சமானது உண்மை. எரிபொருளைக் கணினியே அளந்து செலுத்தும் இன்றைய ஃப்யூயல் இன்ஜெக்‌ஷன் கார்களில் கதையே வேறு. கியரில் இருக்கும்போதே ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால், உருளும் சக்கரங்களே இன்ஜினைச் சுழற்றும். அந்த நேரத்தில் எரிபொருள் போவதை வண்டியே நிறுத்திக்கொள்ளும். நியூட்ரலில் போட்டால்தான் இன்ஜின் நின்றுவிடாமல் இருக்க எரிபொருள் வேண்டும். அதாவது, மிச்சம் என்று நினைத்துச் செலவு செய்கிறோம். இன்ஜின் பிடித்து நிறுத்தும் வேலையும் போய்விடுவதால் பாரம் முழுவதும் பிரேக் மேல் விழும். நீண்ட மலை இறக்கத்தில் பிரேக் சூடேறிப் பிடிக்காமல் போனால் என்ன செய்வது? இன்ஜினை அணைத்தால் இன்னும் மோசம்: சில முறை மிதித்ததுமே பிரேக் பெடல் இறுகி, மிதிப்பதே கடினமாகிவிடும், பவர் ஸ்டியரிங்கும் கனத்துவிடும்.

உண்மையான மிச்சம் கண்ணில் இருக்கிறது. தூரத்தில் சிவப்பு விளக்கு தெரிந்தும் கடைசிவரை ஆக்சிலரேட்டரை மிதித்து, பிறகு பிரேக் அடிப்பவர்கள்தான் அதிகம். எரிபொருளைச் செலவழித்து எடுத்த வேகம் அத்தனையும் பிரேக்கில் வெறும் சூடாகப் போகிறது. முன்கூட்டியே காலை எடுங்கள். பின்னால் இருப்பவர் ஹாரன் அடிப்பார், அடிக்கட்டும். முன்வண்டிக்கும் நமக்கும் நல்ல இடைவெளி இருந்தால் இது தானாக வரும், உயிருக்கும் பாதுகாப்பு.

அப்புறம் வேகம். 80-லிருந்து 100 கிலோமீட்டருக்குப் போனால் காற்றின் எதிர்ப்பு ஒன்றரை மடங்குக்கு மேல் ஆகிவிடும். கூரையில் சும்மா கிடக்கும் கேரியரைக் கழற்றிவைத்தாலும் பலன் உண்டு.

ஆனால் கொளுத்தும் வெயிலில் ஏசியை அணைத்துவிட்டு நாள் முழுக்க வாடகை வண்டி ஓட்டுபவர்களிடம் போய் இன்னும் சிக்கனம் பேச எனக்கு மனம் வரவில்லை. சொந்தப் பணத்தில் எரிபொருள் போட்டு ஓட்டுகிறவர்கள் அவர்கள். விலை ஏறும்போது கட்டணமும் ஏற வேண்டும். பயணிகளான நாம் அதற்கு முகம் சுளிக்கக் கூடாது.