எலிகாட் சிட்டி: பழமையானதுதான், ஆனால் உலகிலேயே அல்ல

அமெரிக்காவின் மேரிலாந்து மாநிலத்திலுள்ள எலிகாட் சிட்டி ரயில் நிலையம் உலகிலேயே மிகப் பழமையானது, 1830 மே மாதத்தில் முதல் நீராவி ரயில் அங்கே பயணிகளைக் கொண்டுவந்தது என்று ஒரு நண்பர் எழுதியிருக்கிறார். இரண்டுமே சரியல்ல.

அமெரிக்காவில் இன்றும் நிற்கும் ரயில் நிலையங்களில் பழமையானது என்றால் சரி. உலக அளவில் என்றால், 1830 செப்டம்பர் 15 அன்று திறக்கப்பட்ட மான்செஸ்டரின் லிவர்பூல் ரோடு நிலையம் முந்திக்கொள்கிறது. எலிகாட் சிட்டியின் கருங்கல் கட்டடம் முடிந்ததே 1831-இல்தான்.

1830 மே மாதம் பால்டிமோர் நகரிலிருந்து அங்கே வந்த 13 மைல் தண்டவாளத்தில் பெட்டிகளை இழுத்தவை குதிரைகள். தொழிலதிபர் பீட்டர் கூப்பரின் 'டாம் தம்' என்ற குட்டி எஞ்சின் அந்தப் பாதையில் ஓடிக்காட்டியது ஆகஸ்டில். துப்பாக்கிக் குழல்களைக் கொதிகலனுக்குக் குழாயாகப் பொருத்திய எஞ்சின் அது! திரும்பும் வழியில் ஒரு குதிரையோடு பந்தயம் நடந்ததாகச் சொல்வார்கள். எஞ்சின்தான் முன்னால் போனது. நெருப்புக்குக் காற்றூதும் விசிறியின் பட்டை கழன்றதும் நீராவி குறைந்து, குதிரை ஜெயித்துவிட்டது. என்னைக் கேட்டால் 'உலகிலேயே' என்ற பட்டத்தைவிட இந்தக் கதை எவ்வளவோ சுவையானது.

இன்னொன்று: அந்தக் கட்டடம் முதலில் பயணிகளுக்காகக் கட்டப்பட்டதே அல்ல. சரக்குக்கும் எஞ்சின் பராமரிப்புக்கும்தான். பயணிகளுக்கான அறைகள் பிறகு வந்தவை. இப்போது அது அருங்காட்சியகம். பக்கத்துத் தண்டவாளத்தில் சரக்கு ரயில்கள் இன்னமும் ஓடுகின்றன.